முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் பல்லைத் தொடாதீர்கள்

போன தை மாதம் ஒரு முகூர்த்தம். விடிகாலை நாலு மணிக்குச் சிங்கப்பூர் யீஷூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் மணப்பெண்ணை உட்காரவைத்து, முகப்பூச்சு முடித்து, கண்ணுக்கு மை தீட்டி, இமைமுடியும் ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். பெண்ணுக்கு நா வறண்டுவிட்டது. தங்கச்சிக்காரி ஐஸ் போட்ட மைலோவை நீட்டினாள். ஒரு வாய்தான் குடித்தாள். "ஆ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று தண்ணீர். அரை மணி நேரம் உட்கார்ந்து தீட்டிய மை தாடைவரை ஓடியது. என்னவென்று விசாரித்தால், வியாழக்கிழமை போய்ப் பல்லை வெள்ளையாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

பதினெட்டு வருஷமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். நான் பல் மருத்துவர் இல்லை. ஆனால் ஒரு முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவளுக்கு எத்தனையோ வாய்கள் பழக்கம். "அக்கா, வைட்டனிங் பண்ணலாமா?" என்று கேட்காத பெண் இப்போது அபூர்வம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. என் பல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, நானே பட்டது, என்னிடம் வந்த பெண்கள் பட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் பல் ஏன் மஞ்சளாக இருக்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.

மஞ்சளில் பல ரகம். வெளியே படிந்த கறை ஒன்று. கோப்பி ஓ, தே தாரிக், சிகரெட், வெற்றிலை பாக்கு இவையெல்லாம் பல்லின் மேல் படியும். ஈறு வீங்கியதற்கோ பல் பிடுங்கியதற்கோ கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய் கழுவும் மருந்தைச் சொன்ன நாளுக்கு மேல் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை பிடிக்கும். இதற்கு வைட்டனிங்கே தேவையில்லை. ஸ்கேலிங் செய்து காரையைச் சுரண்டி, பாலிஷ் போட்டாலே போய்விடும். ஒரு மணப்பெண்ணின் அம்மா, நாளைக்கு நாலு கோப்பி குடிப்பவர், கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கம் கறுத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டே சிரிப்பார். மகளோடு சேர்ந்து தானும் வைட்டனிங் செய்துகொள்வதாக இருந்தார். முதலில் ஸ்கேலிங் மட்டும் செய்யச் சொன்னேன். செய்துவிட்டு வந்து, "இதுவே போதும்மா, இத்தனை வருஷம் தெரியாமப்போச்சே" என்றார். உங்களுக்கும் அதுவே போதுமாக இருக்கலாம்.

இரண்டாவது, உள்ளிருந்து வரும் மஞ்சள். பல்லின் மேல் ஓடு எனாமல், அதற்கு உள்ளே டென்டின். எனாமல் கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஊடுருவித் தெரியும். டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேயும், டென்டின் தடிக்கும், பல்லும் மஞ்சளாகத் தெரியும். இந்த மஞ்சளுக்குத்தான் வைட்டனிங் நன்றாக வேலை செய்கிறது. வைட்டனிங் ஜெல்லில் இருக்கும் பெராக்சைடு என்ற வெளுக்கும் பொருள் எனாமலைக் கடந்து உள்ளே போய் நிறம் கொடுக்கும் பொருள்களை உடைக்கிறது. மேலே பூசும் வெள்ளையடிப்பு வேலை இல்லை இது. சில நிமிடங்களிலேயே பல்லின் நரம்புப் பகுதிவரை அது போய்ச் சேர்ந்துவிடும். ஐஸ் மைலோ குடித்த பெண் அழுததற்கும் அதுதான் காரணம்.

மூன்றாவது ரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலர் இதில்தான் பணத்தை விடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாப்பிள்ளை வந்தார். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், இங்கே கப்பல் பட்டறையில் வேலை. புகைப்படக்காரர் எத்தனை தடவை சொன்னாலும் உதட்டைத் திறக்கவே இல்லை. முகத்துக்குப் பவுடர் போடும்போது மெல்லக் கேட்டேன். சிறுவயதிலிருந்தே பல்லில் பழுப்புத் திட்டும் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளும் இருந்தனவாம். கல்யாணத்துக்காக எங்கோ போய் வைட்டனிங் செய்திருக்கிறார். பழுப்பு லேசாகக் குறைந்தது, ஆனால் வெள்ளைத் திட்டுகள் இன்னும் பளிச்சென்று எடுத்துக்காட்டத் தொடங்கிவிட்டன. "முன்னாடி ஒரு கலர்தான்க்கா, இப்ப ரெண்டு கலர்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதற்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணற்று நீரை, நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் வருஷக்கணக்காகக் குடித்தால், பல் முளைக்கும்போதே திட்டோடு முளைக்கும். நன்றாகத் துலக்காத குற்றம் இல்லை அது. சிங்கப்பூர்க் குழாய் நீரிலும் 1950களிலிருந்தே ஃபுளோரைடு கலக்கிறார்கள், ஆனால் அளந்து கலக்கிறார்கள். பல் சொத்தையைக் குறைப்பதற்காக. அளவு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்? திட்டுப் பல்லுக்கு வைட்டனிங் மட்டும் செய்தால் போதாது. எனாமலின் மேல்தோலை மிக லேசாகத் தேய்த்தெடுப்பது, வெள்ளைத் திட்டுக்குள் பிசின் ஊறவிட்டு மறைப்பது, ரொம்ப மோசமாக இருந்தால் பல்லின் முன்பக்கம் வெனீர் என்ற மெல்லிய ஓடு ஒட்டுவது என்று வேறு வழிகள் உண்டு. எதை, எந்த வரிசையில் செய்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். உங்கள் பல்லில் திட்டு இருந்தால் "வைட்டனிங் வேண்டும்" என்று போய் நிற்காதீர்கள். "இந்தத் திட்டுக்கு என்ன செய்யலாம்" என்று கேளுங்கள்.

இன்னும் இரண்டு ரகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தையாக இருக்கும்போது டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் சாம்பல் நிறப் பட்டை விழுந்திருக்கும். அது மாதக்கணக்கில் வெளுத்தாலும் முழுக்கப் போகாது. ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அழகு விஷயத்தை மறந்துவிடுங்கள். எப்போதோ அடிபட்டு அந்தப் பல்லின் நரம்பு செத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அதன் மேல் யாரும் ஜெல் தடவ விடாதீர்கள்.

இனி நான் பட்டது. அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பேரங்காடி ஒன்றில், நகம் வெட்டி இமைமுடி ஒட்டும் ஓர் அழகு நிலையத்தில் "99 வெள்ளிக்கு ஹாலிவுட் புன்னகை" என்று பலகை வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், சலுகை என்றதும் போய் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்து பார்த்தாரா அந்தப் பெண்? இல்லை. சொத்தை உண்டா, ஈறு இறங்கியிருக்கிறதா என்று ஒரு கேள்வி? அதுவும் இல்லை. வாயை அகட்டும் பிளாஸ்டிக்கை மாட்டி, ஜெல் தடவி, நீல விளக்கை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரியின் நகத்துக்குச் சாயம் பூசப் போய்விட்டார். ஈறில் சுருசுருவென்று எரிந்தது. கையை ஆட்டினேன். "நார்மல், நார்மல்" என்று பதில் வந்தது. வெளியே வந்து கண்ணாடியில் பார்த்தால் ஈறு ஓரமெல்லாம் சுட்ட அப்பளம்போல வெள்ளை பூத்திருந்தது. இரவு முழுக்க, யாரோ ஊசியால் குத்துவதுபோல ஒவ்வொரு பல்லாக விண்ணென்று தெறித்தது.

ஈறு இரண்டு நாளில் ஆறிவிட்டது. மிஞ்சியது வேறு ஒன்று. தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படிக்கட்டில் விழுந்து முன்பல் ஒன்றின் நுனி உடைந்தது. அப்போது அடைத்து ஒட்டியது, பிறகு ஒரு தடவை மாற்றியது, பல்லின் நிறத்துக்கே இருக்கும், எனக்கே மறந்துபோயிருந்தது. சுற்றியுள்ள பல்லெல்லாம் வெளுத்ததும் அந்த நுனி மட்டும் வெள்ளைச் சேலையில் தேநீர் சிந்தியதுபோல நின்றது. கல்யாணத்தில் எடுத்த அத்தனை படத்திலும் நான் வாயை மூடித்தான் சிரிக்கிறேன்.

பல் அடைப்பு, கிரவுன் என்ற பல் மூடி, வெனீர், செயற்கைப் பல், இவை எதுவும் வெளுக்காது. இயற்கைப் பல் மட்டும்தான் வெளுக்கும். முன்பக்கம் பழைய அடைப்பு இருந்தால் வைட்டனிங்குக்குப் பின் அதை மாற்ற வேண்டிவரும் என்று அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதையும் உடனே மாற்ற முடியாது. வெளுத்த பல்லுக்குள் ஆக்சிஜன் கொஞ்ச நாள் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை அடைப்புப் பொருள் சரியாகப் பிடிக்காது. குறைந்தது இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார் என் மருத்துவர். எனக்கு அந்த ஒரு பல் நுனிக்கு 180 வெள்ளி. 99 வெள்ளிச் சலுகையின் லட்சணம் இதுதான்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அழகுப் பொருளாக விற்கும் பற்பசை, ஜெல் போன்றவற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வீரியம் உள்ளது பல் மருத்துவர் கைவழியாகத்தான் வர வேண்டும். 0.1 விழுக்காடு என்பது பல்லின் உள்நிறத்தை மாற்றப் போதாத அளவு. ஆக, அழகு நிலையத்தில் சட்டப்படி செய்தால் பெரிதாக ஒன்றும் வெளுக்காது. நன்றாக வெளுத்தால், ஜெல்லில் என்ன இருந்தது என்று நீங்கள் கவலைப்பட வேண்டும். இணையத்தில் வாங்கி அஞ்சல்பெட்டிக்கு வந்து விழும் பொட்டலங்களுக்கும் இதே கவலைதான். பல் மருத்துவர் பதிவு பெற்றவரா என்று சந்தேகமா? சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

சரி, மருத்துவரிடம் போய்விட்டீர்கள். அங்கே இரண்டு வழி சொல்வார்கள்.

ஒன்று, நாற்காலியில் உட்காரவைத்து ஒரே தடவையில் முடிப்பது. வீரியமான ஜெல், பொதுவாக ஹைட்ரஜன் பெராக்சைடு 25 முதல் 40 விழுக்காடு. ஈறின் மேல் முதலில் ஒரு பிசின் கரை கட்டுவார்கள், நம் வாய்க்கால் வரப்பு மாதிரி. அந்தக் கரையைக் கட்டாமல் ஜெல்லை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கால் மணி, இருபது நிமிடம் என்று இரண்டு மூன்று சுற்று. சில இடங்களில் விளக்கும் வைப்பார்கள். விளக்கு பார்க்க ஆடம்பரமாக இருக்கும், ஆனால் வேலை செய்வது ஜெல்தான். விளக்குக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, பல்லின் அச்சு எடுத்து, உங்கள் வாய்க்கென்றே மெல்லிய ட்ரே செய்து, ஜெல்லையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. இரவில் ஒவ்வொரு பல் பள்ளத்திலும் ஒரு பொட்டு ஜெல் வைத்து மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். இரண்டு வாரம் பிடிக்கும். 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதிவைத்த முறை இது. 10 விழுக்காடு கார்பமைட் பெராக்சைடு ஜெல்தான் அதிலிருந்து இன்றுவரை அதிகம் ஆராயப்பட்டது. நான் இரண்டாவது தடவை இதைத்தான் செய்தேன். கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கடைசியில் வந்து சேரும் நிறம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூச்சம் தாங்கவில்லையென்றால் ட்ரேயில் ஓர் இரவு விட்டுவிட்டு அடுத்த இரவு தொடரலாம். நாற்காலியில் தடவியதைத் திரும்ப எடுக்க முடியாது. ட்ரே கையில் இருந்தால் அடுத்த வருஷம் ஜெல் மட்டும் வாங்கி இரண்டு மூன்று இரவு போட்டால் போதும்.

எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார்பமைட் பெராக்சைடு வேறு, ஹைட்ரஜன் பெராக்சைடு வேறு. கார்பமைட் எண்ணை மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட ஹைட்ரஜன் எண் வரும். 10 விழுக்காடு கார்பமைட் என்பது சுமார் 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. "அவங்ககிட்ட 16 விழுக்காடாம், உங்ககிட்ட 6தானா" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போன பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். அந்த 16 கார்பமைட், இந்த 6 ஹைட்ரஜன். இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

தொடங்குமுன் மருத்துவர் ஒரு ஷேட் அட்டையைப் பல்லோடு வைத்துப் பார்ப்பார். 16 மாதிரிப் பல் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், ஏ1, பி2, சி4 என்று பெயர் எழுதியிருக்கும். அந்த நிலையில் உங்கள் கைபேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சன்னல் வெளிச்சத்தில். பிறகு வெளுத்ததா இல்லையா என்று வீட்டில் விவாதம் வரும்போது உதவும். எவ்வளவு வெள்ளை வேண்டும் என்று கேட்டால் பதில் உங்கள் கண்ணிலேயே இருக்கிறது: விழியின் வெள்ளையைத் தாண்டிப் பல் வெள்ளையாக இருந்தால் செயற்கையாகத் தெரியும். நம் நிறத்துக்கு இயற்கையான பல்லே பளிச்சென்றுதான் தெரிகிறது. முல்லை அரும்புபோல என்றுதானே சொல்வோம், முல்லையில் ஒரு துளி பால்மஞ்சள் இருக்கும். கழிவறைப் பீங்கான் நிறத்தில் பல் வைத்துக்கொண்டு பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் நின்றால் வேட்டி அழுக்காகத் தெரிகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் அவசரம் வேண்டாம். சொத்தை, ஈறு நோய், விரிசல் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது. ஈறு இறங்கி வேர் தெரிகிறதா? வேரில் எனாமல் கிடையாது, அது வெளுக்காது, கூசமட்டும் செய்யும்.

இப்போது நாள்காட்டி. என் தொழிலில் நான் கற்ற முக்கியமான பாடம் இதுதான், ஜெல்லைவிட நாள் முக்கியம். நாற்காலியிலிருந்து எழுந்ததும் கண்ணாடியில் தெரியும் வெள்ளையை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்ததில் பல் காய்ந்திருக்கும். காய்ந்த பல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். எச்சில் ஊறியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். உண்மையான நிறம் நிலைக்க இரண்டு வாரம் ஆகும். அதனால் ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியில் முடித்துவிடுங்கள். ஆடியில் நமக்கு முகூர்த்தமும் இல்லை, விருந்தும் குறைவு. தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழித் தொடக்கம். அதற்கும் ஒரு மாதம் முன்னால் ஸ்கேலிங்கும் சொத்தை அடைப்பு வேலைகளும். வைட்டனிங்குக்குப் பின் முன்பல்லில் பழைய அடைப்பை மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். முகூர்த்தப் புடவை எடுக்கும்போதே பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

கூச்சத்துக்கு வழி உண்டு. இரண்டு வாரம் முன்பிருந்தே கூச்சப் பல்லுக்கான பற்பசை போடுங்கள். டப்பாவில் பொட்டாசியம் நைட்ரேட் என்று இருக்கிறதா பாருங்கள். வெளுத்த நாள்களில் ஐஸ் கச்சாங் பக்கம் போகாதீர்கள், எம்ஆர்டி ரயில் குளிரில் வாயைத் திறந்து பேசாதீர்கள். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், எனக்கு அந்தக் குளிர்காற்றே தெறித்தது. பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். ஒரே பல்லில் மட்டும் வலி நின்று குத்தினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சாப்பாடு விஷயம்தான் நமக்குச் சோதனை. வெளுத்த பிறகு இரண்டு நாள் நிறமுள்ள எதையும் தொடாதே என்பார்கள். இந்த விஷயத்தில் இப்போது எல்லா மருத்துவர்களும் அவ்வளவு கண்டிப்பாக இல்லை, ஆனால் என் மருத்துவர் பழைய ஆள். தாளில் எழுதிக் கொடுத்தார்: கோழி நெஞ்சுக்கறி, மீன், வெள்ளைச் சோறு, காலிஃபிளவர். நான் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "டாக்டர், எங்க வீட்டில் தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மஞ்சள்தூள் இருக்கு" என்றேன். சாம்பார், ரசம், கூட்டு, மீன்குழம்பு எதுவும் தேறாது. மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு அதன் சக்தி தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம்மிடம் வெள்ளைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. இட்லியும் மிளகாய் போடாத தேங்காய்ச் சட்னியும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், தயிர்சாதம், வெள்ளை ஆப்பம். ஊறுகாயை மட்டும் மறந்துவிட வேண்டும். தேக்காவில் இரண்டு நாளும் என் பசியாறல் பால் மட்டும்தான். "என்ன அக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றார் கடைக்காரர். கோப்பியை விடவே முடியாதென்றால் உறிஞ்சுகுழலில் குடித்துவிட்டு வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

காசைப் பற்றி. நான் விசாரித்த பல் மருந்தகங்களில் ட்ரே முறைக்கு 400 முதல் 600 வெள்ளி, நாற்காலி முறைக்கு அதைப்போல ஒன்றரை இரண்டு மடங்கு சொன்னார்கள். சொல்லும் விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, ஸ்கேலிங் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இது அழகுக்காகச் செய்வது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தைத் தொட முடியாது. அரசாங்க மருத்துவ உதவித் திட்டமான சாஸின் நீல நிற அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஸ்கேலிங்குக்கு உதவி கிடைக்கும், வெளுப்புக்குக் கிடைக்காது. ஜோகூருக்கோ சென்னைக்கோ போனால் மலிவு என்பார்கள், உண்மைதான். பிறகு கூச்சம் வந்து துடித்தால் பாலம் தாண்டியோ விமானம் ஏறியோ போவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வைத்தியம் கேட்பவர்களுக்கு: எலுமிச்சையும் சமையல் சோடாவும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும். கரைந்த எனாமல் திரும்ப வளராது. உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் முன்பைவிடத் தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்ளும் வேலை. கரிப் பற்பசையைக் கறுப்புக் குழாயில் அடைத்துப் பதினைந்து வெள்ளிக்கு விற்கிறார்கள். எங்கள் பாட்டி உமிக்கரியும் உப்பும் சேர்த்து விரலால் தேய்ப்பார், காசில்லாமல். இரண்டும் மேற்கறையைச் சுரண்டும், கூடவே எனாமலையும் சுரண்டும். ஊதாநிறப் பற்பசை மஞ்சளின் மேல் ஊதாவைப் பூசிக் கண்ணை ஏமாற்றும் வித்தை. சில மணி நேரம் நிற்கும். படம் எடுக்கும் நாளுக்கு அது தப்பில்லை, நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வித்தையை உதட்டுச் சாயத்திலேயே செய்யலாம். ஆரஞ்சு, செங்கல், பழுப்பு நிறங்கள் பல்லின் மஞ்சளை எடுத்துக்காட்டும். நாவற்பழச் சாயல் கலந்த சிவப்பைப் போட்டுப் பாருங்கள், அதே பல் இரண்டு படி வெளுத்துத் தெரியும். ஐஸ் மைலோ பெண்ணின் தங்கைக்கு அன்றைக்கு அதைத்தான் போட்டேன். அக்காவைவிட அவள் பல் அழகாக இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள், அது வேறு கதை.

கடைசியாக ட்ரே வாங்கியவர்களுக்கு. அதைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீரில் போட்டால் வளைந்துபோகும். சுருட்டித் தாளில் வைத்தால் வீட்டில் யாராவது குப்பையில் போடுவார்கள், பெட்டியிலேயே வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஜெல் வீரியம் இழக்கும், அதனால் குளிர்பெட்டியில் வைத்து மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் எப்போதும் மருதாணிக் கூம்புகள் இருக்கும், பக்கத்திலேயே ஜெல் ஊசிக்குழாய்களும். ஒரு நாள் இரவு தூக்கக் கலக்கத்தில், விளக்குப் போடாமல், கூம்பைக் கையில் எடுத்து ட்ரேயில் பிதுக்கப் போனேன். மருதாணியில் கலந்த யூகலிப்டஸ் வாசம் வந்ததால் பிழைத்தேன்.